வணிகக் குலங்கள் தோன்றிய வகை



கொட்டிவாக்கத்துக் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கின் மயிலாப்பூர். தெற்கே நோக்கின் மாமல்லபுரம். இரண்டும் பண்டு கலங்கள் வந்து தங்கிய பட்டினங்கள். அங்கே கூடிய வணிகர்தம் குலங்கள் எவ்வாறு தோன்றின?

வாணிகம் வைசியர்க்குரியது எனத் தரும நூல்கள் கூறும். ஆயினும், நூல் வகுத்த வருணம் வேறு. நாட்டில் வழங்கும் சாதி வேறு. வருணம் நான்கே, சாதிகளோ மிகப் பல. ஆதலின் ஏட்டோடு கல்வெட்டையும் கேட்டல் வேண்டும்.

மதுரையை அடுத்த மாங்குளத்தில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டளவில், சமண முனிவர்க்கு உறையுள் அமைத்தோருள் வெள்ளறை நிகமத்தாரும் இருந்தனர். நிகமமாவது வணிகர் கூட்டம். அவர்களை அக்கல்வெட்டு ஊராலும் கூட்டத்தாலுமே சுட்டுகிறது.

சோழர் காலத்தில் வணிகர் அவைக்கு நகரம் என்று பெயர். அதன் உறுப்பினர் நகரத்தார். கடல் கடந்தோர் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், ஐந்நூற்றுவர் எனப் பெருங்குழுக்களாக இயங்கினர். ஐந்நூற்றுவர் 1088-இல் சுமத்திராவின் பாரூசில் தமிழ்க் கல்வெட்டு நாட்டினர். 849-ஆம் ஆண்டுக் கொல்லத்துச் செப்பேடு, கிறித்தவக் கோயிலுக்குரிய உரிமைகளோடு அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் குறிக்கிறது. நம் மயிலாப்பூரிலேயே வணிகர் கூடிக் காட்டூரை வீரபட்டினம் ஆக்கினர் என்கிறது ஒரு கல்வெட்டு. இக்குழுக்களில் பல ஊரினரும் பல தொழிலினரும் கலந்திருந்தனர்.

அங்ஙனமாயின் குழு எவ்வாறு குலமாயிற்று? எண்ணிப் பாருங்கள். கள்வர் நடமாடும் காட்டு வழி. திரும்பி வர மாதங்கள் ஆகும் கடற்பயணம். கடனாகக் கொடுத்த சரக்கு. இங்கே முதலினும் சிறந்தது நம்பிக்கை. அதனை உறவினரிடம் தேடினர். மகனுக்கே கணக்கைக் கற்பித்தனர். தொழிலறிந்த குடும்பத்திலேயே பெண் கொண்டனர். தலைமுறை சில கழிய, திறந்திருந்த குழுவின் கதவு மெல்ல அடைபட்டது. தொழிற்பெயர் பிறப்பின் பெயராயிற்று. வளஞ்சியர் என்னும் குழுப் பெயரோடு பலிஜர் என்னும் சாதிப் பெயரை ஆராய்ச்சியாளர் இணைத்துக் காண்பதும் இதனாலேயே.

இதுவே ஒரே வழி என்று கூறேன். எண்ணெய் வாணிகம் செய்த சங்கரப்பாடியாரும், நெய்து விற்ற சாலியரும் தத்தம் தொழில்வழிக் குலமாயினர். எவ்வழியாயினும், குலம் வானிலிருந்து விழுந்ததன்று. மனிதர் தம் தேவைக்காகக் கட்டியது. கட்டியதை ஆராயவும், வேண்டுமாயின் மாற்றவும் மனிதர்க்கு உரிமையுண்டு. அவ்வுரிமையை மறவாதிருத்தலே வரலாறு கற்பதன் பயன்.