பல்லில் கடித்த நூல்

(அழகுக்கலைப் பயிற்சி முடித்த பெண்களுக்கான கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிஞர்னு சொல்லி என்னைக் கூப்பிட்டுட்டாங்க. சர்டிபிகேட்டை மடியில வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற தங்கச்சிங்களுக்குக் கவிதையால ஒண்ணும் ஆகப்போறதில்ல. அதனால ஒரு பேங்க் கிளார்க்காவும், இதே படிப்பைப் படிச்ச ஒரு பொண்ணுக்குத் தாய்மாமனாவும் பேசிட்டுப் போயிடறேன்.

என் அக்கா மகள் ஒரு வருசம் படிச்சா. ஐ.டி.ஐ.யில காஸ்மெட்டாலஜின்னு பேரு. எங்க வீட்ல பார்லர் படிப்புன்னுதான் சொல்லுவோம். முடிச்ச கையோட வேலை தேடி டவுன்ல ஆறு கடை ஏறி இறங்கினா. எந்தக் கடையிலயும் சர்டிபிகேட்டை முழுசா யாரும் படிக்கல. "த்ரெட்டிங் போட்டுக் காட்டு" என்பதுதான் நேர்முகத் தேர்வு. போட்டுக் காட்டினா. "கை நல்லா இருக்கு"ன்னாங்க. அடுத்த கேள்வி, "எந்த ஊரும்மா?" சொன்னா. அதுக்கடுத்த கேள்விதான் முக்கியம். "ஊருக்குள்ளயா, காலனியா?"

"போன் பண்றோம்."

மூணு கடையில இதே வசனம். தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு வேலையை மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கு. ஆனா 'போன் பண்றோம்' என்கிற வார்த்தைக்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடறது?

நாலாவது கடையில ஊர் கேக்கல. "கஸ்டமர் முன்னாடி நிக்கிற பொண்ணு கொஞ்சம் கலரா இருந்தா நல்லா இருக்கும்"னாங்க. 1975இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. டப்பாவில் பேர் மாற 45 வருசம் ஆச்சு. பார்லர் வாசல்ல இன்னும் மாறல.

இந்த இடத்தில நான் செய்த காரியத்தையும் சொல்லணும். "காலனின்னு சொல்லாதடி, பக்கத்துல இருக்கிற நகர் பேரச் சொல்லு"ன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். மேடையில தலித் கவிதை வாசிக்கிறவன். நான் தேர்வெழுதி பேங்குக்கு வந்தேன். எனக்கு இட ஒதுக்கீடு இருந்தது, கேள்வித்தாள் என் தெருவைக் கேக்கல. தனியார் கடையில அந்த ஒதுக்கீடு கிடையாது. அப்படி வந்த நானே, வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் வாடகை வீட்டுக்காரர்கிட்ட வாயைத் திறக்காமதான் இருந்தேன். அந்தப் பயத்தைத்தான் அவ கையில கொடுத்திருக்கேன்.

அவ கேட்டா: "மாமா, நூலோட ஒரு முனையப் பல்லுல கடிச்சிக்கிட்டுதான் புருவம் எடுக்கறேன். என் எச்சி பட்ட நூலு அவங்க மூஞ்சிமேல ஓடுது. அப்ப யாரும் ஊரு கேக்கலியே?"

யோசிச்சுப் பாருங்க. நூலைப் பல்லில் கடித்து, இரண்டு கைகளிலும் முறுக்கிப் பிடித்து, முகத்துக்கு அரை முழ தூரத்தில் குனிந்து நிற்கிறாள். நாற்காலியில் இருக்கிற சாதி இந்துப் பெண் கழுத்தை அண்ணாந்து, கண்ணை மூடி, இமையைத் தன் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிடி தளர்ந்தால் தோல் கிழியும். இவ்வளவு நம்பிக்கையா நம்ம புள்ளை கையில முகத்தைக் கொடுக்கிறவங்களுக்கு, எழுந்து காசு கொடுக்கும்போதுதான் தீட்டு ஞாபகம் வருது.

ஆனாலும் அஞ்சாவது கடையில நான் சொன்ன நகர் பேரைத்தான் சொன்னா. வேலை கிடைச்சது. மாசம் 7000. பத்து நாள்ல ஆதார் நகல் கேட்டாங்க. அதுல காலனின்னு அச்சடிச்சிருக்கே! 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவ வேலைக்குப் போனது அதுக்கு முன்னாடி. வேலையை விட்டு நிறுத்தல. நாற்காலிகிட்டயிருந்து நகர்த்தினாங்க. பெடிக்யூர் தொட்டி, அழுக்குத் துண்டு, கக்கூஸ். கல்யாண வீட்டு மேக்கப்புக்கு வேற பொண்ணு. அடுத்தவங்க காலைக் கழுவற வேலை மட்டும் எப்படி வரிசை தப்பாம நம்மகிட்டயே வந்து சேருது? நாலு மாசம் இருந்தா. கண்ணால பார்த்தே ஹேர் கலர், மணப்பெண் கொண்டை எல்லாம் கத்துக்கிட்டு வெளிய வந்தா.

ஆறாவது கடைக்காரம்மா நாவிதர் சமூகம். இவ உள்ள போனதும் காலனின்னே சொல்லிட்டா. அந்தம்மா "கையக் காட்டு"ன்னாங்க, அவ்வளவுதான். அவங்க தாத்தா எங்க தாத்தாவுக்கு முடி வெட்டினதில்ல. வெட்டினா ஊர்க்காரன் அவருக்குப் படியளக்க மாட்டான். அவங்க பாட்டி ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவங்க, பார்த்துட்டுப் பின்வாசல் வழியா வந்தவங்க. அதே தொழிலுக்கு ஏசி போட்டு, பியூட்டிஷியன்னு பேர் வச்சு, காசுள்ளவங்க நடத்தினா மரியாதை வந்துடுது. அந்தம்மாவுக்கு இது தெரியும். இருந்தாலும், "ட்ரெய்னிங்"னு சொல்லி முதல் மாசச் சம்பளத்தை அவங்களும் தரல. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

அமெரிக்காவில் மேடம் சி. ஜே. வாக்கர் என்று ஒரு கறுப்பினப் பெண். 1867இல், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர். துணி துவைத்துப் பிழைத்தவர். தலைமுடிக்கான தைலம் விற்கத் தொடங்கி, 1908இல் பிட்ஸ்பர்க்கில் கறுப்பினப் பெண்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தரப் பள்ளி வைத்தார். 1917இல் தன் பொருள்களை விற்ற பெண்களை பிலடெல்பியாவில் கூட்டினார். கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதைக் கண்டித்து, அந்தக் கூட்டத்திலிருந்து ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி போனது. சுருட்டை முடியை நீட்டிக்காட்டிச் சம்பாதித்தவர்தானே என்று அவர்மேல் விமர்சனம் உண்டு. இருக்கட்டும். சீப்பைப் பிடிச்ச கைங்கதான் அந்தத் தந்தியையும் அனுப்பிச்சது.

இனி கிளார்க் பேசறேன். சர்டிபிகேட் ஒரிஜினலை எந்த முதலாளிகிட்டயும் கொடுக்காதீங்க. நகல் போதும். வாங்கி வச்சிக்கிட்டா வேலையை விட்டு நகர முடியாது. சம்பளம் எவ்வளவு, ட்ரெய்னிங் எத்தனை நாள், அதுக்குக் காசு உண்டா, இதையெல்லாம் முதல் நாளே கேளுங்க. பணத்தைக் கையில வாங்காம பேங்க் கணக்குல போடச் சொல்லுங்க. நாளைக்கு நீங்க கடன் கேட்டு வந்தா எங்க மேனேஜர் முதல்ல கேக்கறது, "அனுபவம் இருக்கா?" அந்தக் கணக்குப் புத்தகம்தான் உங்க சாட்சி. 2015லயிருந்து முத்ரா கடன் இருக்கு. சிசுங்கற பிரிவுல 50,000 வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாமக் கொடுக்கணும். தாட்கோவும் இருக்கு. ஆனா படிச்சு முடிச்ச மறுவாரமே கடன் வாங்கி நாற்காலி போட்டுடாதீங்க. கஸ்டமர் பழக்கம் இல்லாமக் கடை திறந்து, வட்டி கட்ட முடியாம என் கவுண்ட்டர் முன்னாடி நின்ன புள்ளைங்களைப் பார்த்திருக்கேன். ஒரு வருசம் அடுத்தவங்க கடையில நில்லுங்க.

நில்லுங்கன்னா, நாள் முழுக்க நிக்கணும்னு இல்ல. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வசதி இருந்தாக வேண்டும். பார்லரும் கடைதான். கஸ்டமர் இல்லாத நேரத்தில உட்காருங்க.

அக்கா மகள் இப்போ கல்யாண மேக்கப்புக்குத் தனியாப் போறா. போன ஆவணியில எங்க ஊர்த் தெருவுல ஒரு கல்யாணம். பொண்ணு வீட்ல எல்லாருக்கும் சில்வர் டம்ளர்ல காபி, இவளுக்கு மட்டும் பேப்பர் கப். "காபி வேணாங்க, மீதிப் பணத்த இப்பவே குடுத்துடுங்க, முடிச்சதும் கிளம்பணும்"னு சொல்லி, வாங்கிப் பையில வச்சுட்டுத்தான் பெட்டியத் திறந்தாளாம்.

பயோடேட்டா எழுதத் தெரியாதவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த வேப்பமரத்துகிட்ட வாங்க. உட்கார்ந்து எழுதலாம். முகவரியை உள்ளது உள்ளபடியே போடுவோம்.