கையேட்டோடு சண்டை போடுவது எப்படி?
(பழைய மாணவர் கூடுகை விழாவில் ஆற்றிய உரை)



கோவையில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில், விவசாயிகளுக்கான விளக்கப் புத்தகங்களைத் தமிழில் எழுதுவது என் வேலையாக இருந்தது. அங்கே ஒரு மொழிநடைக் கையேடு உண்டு. ஸ்டார்ட்டரைத் 'தொடக்கி' என்றும், ஸ்விட்சை 'நிலைமாற்றி' என்றும்தான் எழுத வேண்டும் என்பது அதன் சட்டம். நான் தோட்டங்காட்டில் வளர்ந்தவன். "எங்கப்பாவுக்கே இது புரியாதே!" என்று எனக்குக் கோபம்.

யாரிடமும் சொல்லாமல் என் அத்தியாயத்தில் மட்டும் 'ஸ்டார்ட்டர்' என்று மாற்றிவிட்டேன். வயரிங் படத்திலோ 'தொடக்கி' என்றே இருந்தது. ஒரு விவசாயி இரண்டும் வெவ்வேறு சாமான் என்று நினைத்து, "தொடக்கியைக் கொடுக்காம ஏமாத்திட்டீங்களே" என்று டீலரிடம் சண்டைக்குப் போய்விட்டார். நாலு நாள் தண்ணீர் பாயாமல் அவருடைய தக்காளி வாடியது. மெமோ வந்தது எனக்கல்ல. மெய்ப்புப் பார்த்த பெரியவருக்கு. மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பெரியவர் கோபிக்கவில்லை. "தம்பி, உங்க சொல்லு சரிதான். போன வழிதான் தப்பு" என்றார்.

அதன்பின் சந்தை நாட்களில் விவசாயிகளிடம் எங்கள் புத்தகத்தைப் படித்துக் காட்டி, புரியாத சொற்களைக் குறித்தேன். 12 சொற்களைக் காரணத்தோடு எழுத்தில் கொடுத்தேன். 9 சொற்களை ஏற்றார்கள். புத்தகம், படம், மெஷின் ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் சேர்ந்தே மாற்றினார்கள். மறுத்த மூன்றை ஓய்வு பெறும்வரை கையேட்டின்படியே எழுதினேன். வருத்தம்தான், ஆனால் படிப்பவரைக் குழப்பவில்லை.

கையேடுகளும் மாறும். ஆங்கிலத்தில் 'ஈ-மெயில்' என்ற சொல்லின் நடுவே கோடு போட்டு வந்த அசோசியேட்டட் பிரஸ், 2011-இல் அந்தக் கோட்டை எடுத்தது. பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தில் 'லை', 'னை' போன்ற மாற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது 1978-இல். 43 ஆண்டுகள்!

மாணவர்களே, முணுமுணுக்காதீர்கள், திருட்டுத்தனமாக மாற்றாதீர்கள், ஆதாரத்தோடு எழுதிக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் காத்திருக்க வேண்டாம். கரண்ட் ஆபத்தைச் சொல்லும் எச்சரிக்கை புரியவில்லை என்றால், அன்றைக்கே மேலதிகாரியின் கதவைத் தட்டுங்கள். அங்கே வாடப்போவது தக்காளி அல்ல.