நுரையை உடைக்கும் மீயொலி

2019 டிசம்பர்ல சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரையில வெள்ளை நுரை பொங்கி நின்னது ஞாபகமிருக்கும். மழைநீரோடு கடலுக்குப் போன கழிவுநீர்ல துணி சோப்பு ரசாயனமும் கலந்திருந்துச்சு.

இந்த ரசாயனத்தை ஒலியால உடைக்க முடியும். ஸ்கேன் எடுக்கிறாங்களே, அந்த மீயொலிதான், வீரியம் அதிகம். தண்ணீருக்குள்ள செலுத்தினா நுண்குமிழிகள் உருவாகி சட்டுனு நொறுங்கும். நொறுங்கும் நொடியில குமிழிக்குள்ள சில ஆயிரம் டிகிரி வெப்பம்! சோப்பு மூலக்கூறுகளுக்குக் குமிழி விளிம்புல போய் ஒட்டுற குணம். அதனாலேயே அங்கே மாட்டிச் சிதையும்.

மின்செலவுதான் இடிக்குது. ஊர்க் கழிவுநீர் முழுசுக்கும் கட்டுப்படியாகாது. சலவைக்கூடம் மாதிரி இடங்களுக்குப் பொருந்தலாம். பாஸ்பேட்டையும் இது அகற்றாது. அதனால வாஷிங் மெஷின் தண்ணீரை மழைநீர் வடிகால்ல விடாதீங்க. பாதாளச் சாக்கடை இணைப்புல விடுங்க.