நாட்டு வருமானமும் நெல்நாட்டு வருமானமும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பொருட்கணக்கைப் பற்றியது. கணக்கென்றதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் களத்துமேட்டில் மரக்காலும் கையுமாய் நின்று நெல் அளந்து பழகிய தஞ்சை நாட்டார்க்குக் கணக்கு அயலான பொருளன்று. ஆதலின் சிறிது பொறுமையோடு கேட்குமாறு வேண்டிக்கொள்கின்றோம்.

சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் ஒருவகைச் செய்தி அடிக்கடி வரக் காண்கின்றோம். தமிழ்நாட்டின் உற்பத்தி இன்ன தேசத்தின் உற்பத்திக்குச் சமம் என்றும், இன்ன தேசத்தை விஞ்சிவிட்டது என்றும் எழுதுகின்றனர். இந்தியப் படத்தை வரைந்து, ஒவ்வொரு மாநிலத்தின்மேலும் ஓர் அயல்நாட்டின் பெயரைப் பொறித்தும் வெளியிடுகின்றனர். நம் பிள்ளைகள் அப்படத்தைக் கைப்பேசியில் காட்டி மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி தகுமா? தகுமாயின் எவ்வளவு தகும்? அப்பெருந்தொகையில் காவிரி பாயும் நெல்நாட்டின் பங்கு யாது? இம்மூன்று வினாக்கட்கும் விடை தேடுவதே எம் நோக்கம்.

முதற்கண் இக்கணக்கின் இயல்பைக் கூறுவாம். ஓராண்டில் ஓர் எல்லைக்குள் விளைந்த பொருள், செய்த பண்டம், ஆற்றிய பணி ஆகிய யாவற்றையும் விலைமதித்து, அவற்றுக்குச் செலவான மூலப்பொருளின் விலையைக் கழித்து, எஞ்சியதைக் கூட்டிய தொகையே அந்நாட்டின் உற்பத்தி எனப்படும். இத்தகைய கணக்கை நம் தேசத்தில் முதன்முதல் முயன்றவருள் தலையாயவர் தாதாபாய் நௌரோஜி ஆவர். 1867 முதல் 1870 வரையுள்ள காலத்துக்கு, பிரிட்டிஷ் இந்தியாவில் தலை ஒன்றுக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று அவர் கணித்தார். அத்தொகை, சிறைக் கைதி ஒருவனைப் பராமரிக்க ஆகும் செலவுக்கும் போதாதென்று எடுத்துக்காட்டினார். பின்னர்க் காஞ்சிபுரத்திற் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ் அவர்கள் 1931-32ஆம் ஆண்டுக்கு இன்னும் செவ்விய முறையில் இக்கணக்கை இயற்றினார். இவ்விடத்து ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. நம் நாட்டில் இக்கணக்கு பெருமை பேசுவதற்கெனத் தோன்றியதன்று; வறுமையை அளந்து முறையிடுவதற்கெனத் தோன்றியது.

இனி எண்களைக் காண்பாம். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி, நடப்பு விலையில், சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் என்று மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2025இல் வெளியிட்ட கணக்கு கூறுகின்றது. டாலர் ஒன்றுக்கு 84 ரூபாய்க்குச் சற்று மேலாக இருந்த அவ்வாண்டு மாற்று விகிதப்படி, இஃது ஏறக்குறைய 36,900 கோடி டாலர் ஆகும். 2024இல் பாகிஸ்தானத்தின் உற்பத்தி சுமார் 37,000 கோடி டாலர். போர்ச்சுகல் நாட்டின் உற்பத்தி சுமார் 31,000 கோடி டாலர். கோடிக்கரைக்கு எதிர்க்கரையாகிய இலங்கையின் உற்பத்தி ஏறக்குறைய 10,000 கோடி டாலர். ஆகவே, நம் மாநிலம் ஒன்றே பாகிஸ்தானத்தோடு தோள்நிற்கின்றது, போர்ச்சுகலை விஞ்சுகின்றது, இலங்கையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக உள்ளது. நௌரோஜி அழுது கணக்கெழுதிய நாட்டின் ஒரு மாநிலம் இந்நிலை எய்தியது சிறு செய்தியன்று. பள்ளிக்கூடம், மதிய உணவு, மருத்துவமனை, மின்சாரம், சாலை என்று பல தலைமுறைகள் செய்த பணியின் பயன் இஃது. மகிழ்ச்சி தகும் என்பதே எம் முதல் விடை.

எவ்வளவு தகும் என்பது அடுத்த வினா. ஒரு குடும்பத்தில் பத்துக் கலம் நெல் உண்டு, மற்றொரு குடும்பத்திலும் பத்துக் கலம் உண்டு என்றால், இரண்டும் சமம் என்று நம்முள் எவரும் சொல்லார். உண்ணும் வாய் எத்தனை என்றே கேட்போம். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 7 கோடியே 21 லட்சம் மக்கள் இருந்தனர்; இன்று 7 கோடியே 70 லட்சம் அளவில் இருப்பர் என மதிக்கின்றனர். போர்ச்சுகலின் மக்கள் ஒரு கோடியைச் சற்றே கடந்தவர். பங்கிட்டுப் பார்த்தால் நமக்குத் தலைக்கு ஏறக்குறைய 4,800 டாலரும், அவர்க்கு ஏறக்குறைய 29,000 டாலரும் வரும். மொத்தத்தில் நாம் விஞ்சினோம். தலைக்கணக்கில் அவர் ஆறு மடங்கு மேலாயினர். மறுபுறம், பாகிஸ்தானத்தில் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் 24 கோடிக்கு மேற்பட்டவர். மொத்தம் சமமாயினும், தலைக்கணக்கில் நாம் மூன்று மடங்கு உயர்ந்து நிற்கின்றோம். இலங்கையோ மொத்தத்தில் நம்மிற் சிறியதாயினும், தலைக்கு 4,500 டாலர் அளவு பெற்று நம்மை ஒட்டியே நிற்கின்றது. பார்மின்கள்! ஒரே எண்ணை வகுத்த மாத்திரத்தில் வரிசை எப்படி மாறிவிட்டது!

டாலரைப் பற்றியும் ஒரு சொல். 2024-25இல் கடைத்தெருவில் டாலரின் விலை 84 ரூபாய்க்குச் சற்று மேலாக இருந்தபோதிலும், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பண்டத்தை நம் நாட்டில் வாங்க 20 ரூபாய்க்குச் சற்று மேல் இருந்தால் போதும் என்பது உலக வங்கி முதலியோர் செய்த ஒப்பீடு. சோறும் முடிவெட்டும் வாடகையும் இங்கு மலிவு. ஆதலின் டாலர்க் கணக்கு நம்மைக் குறைத்தே காட்டும். பெருமைக்கும் தாழ்வுக்கும் இவ்விரு திருத்தமும் இன்றியமையாதன.

இனி மூன்றாவது வினாவாகிய நம் நெல்நாட்டுக்கு வருவாம். நம்மை நெற்களஞ்சியம் என்று அழைப்பதில் எவர்க்கும் தயக்கமில்லை. ஆயினும் மாநிலத்தின் உற்பத்தியில் வேளாண்மையும் அதனைச் சார்ந்த ஆடுமாடு, மீன், காடு யாவும் சேர்ந்தே நூற்றுக்குப் பதின்மூன்று அளவில்தான் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலோ, மாநிலத்தில் உழைப்பவர் நூற்றுவரில் 42 பேர் உழவராகவும் உழவுக் கூலிகளாகவும் இருந்தனர். மாவட்ட வருமானக் கணக்கைப் பார்த்தால், செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் கோயம்புத்தூரும் முன்வரிசையில் நிற்க, திருவாரூர் போன்ற நெல் மாவட்டம் தலைவருமானத்தில் பின்வரிசையில் நிற்கின்றது.

இதன் காரணம் சோம்பலோ என்று நகரத்தார் சிலர் எண்ணுவர். அற்றன்று, காரணம் விலை. 2025-26ஆம் ஆண்டில் சன்னரக நெல்லுக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் கிடைத்தது. ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைந்ததாகக் கொள்வோமாயின், ஒரு போகத்துக்கு 61,080 ரூபாய் ஆகும். விதை, உரம், இயந்திர வாடகை முதலியவற்றை இதினின்றும் கழித்தல் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையினின்று பத்து லட்சம் ரூபாய் விலையுள்ள மோட்டார் வண்டி ஒன்று வெளிவந்தால், அதன் விலைக்கு நம் வயலில் பதினாறு ஏக்கருக்கு மேற்பட்ட நெல் ஈடாதல் வேண்டும். அத்தொழிலை யாம் இகழ்கின்றோம் அல்லேம். நம் பிள்ளைகளும் அங்கே வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். கணக்கு அளப்பது விலையையேயன்றிப் பசியை அன்று என்பதே எம் கருத்து.

இதற்குச் சரித்திரம் சான்று பகரும். 1930களில் பர்மா அரிசி மலிவாக வந்து இறங்கியபோது தஞ்சை நெல்லின் விலை வீழ்ந்தது; மிராசுதாரும் குத்தகைக்காரரும் ஒருங்கே கடனில் ஆழ்ந்தனர். அவ்வாண்டுகளின் கணக்கை எழுதியிருப்பின் தஞ்சையின் செல்வம் சுருங்கியதாகவே தோன்றும். வயலும் விளைச்சலும் மட்டும் முன்போலவே இருந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்பொழுது மாகாணம் முழுதும் தஞ்சையின் முகத்தை நோக்கிற்று. உணவின் மதிப்பு அஃது இல்லாதபோதே விளங்கும். கிடைக்கும் காலத்தில் அது கணக்கேட்டின் மூலையில் சிறு எண்ணாகக் கிடக்கும்.

இக்கணக்கில் சேர்வன உண்டு, கழியாதனவும் உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்தில் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் இரண்டு தலைமுறையாக வளர்த்த தென்னைகளை வேரோடு சாய்த்தது. வீழ்ந்த மரத்தை அறுத்த கூலி உற்பத்தியிற் சேரும். கூரை மாற்றிய செலவும், மின்கம்பம் நட்ட செலவும் சேரும். சாய்ந்த தோப்பின் முதல் அவ்வாண்டின் மொத்தத்தினின்று கழிக்கப்படுவதில்லை. கொள்ளிடத்து மணலும் அப்படியே: அள்ளி விற்ற பணம் வரவு, ஆறு பள்ளமாகி, வாய்க்காலில் நீர் ஏறாமையும், கடலோரத்தில் உப்பு ஏறியமையும் எந்த வரியிலும் செலவாக எழுதப்படா. வயலில் நாள் முழுதும் நடவு நட்டுக் கூலி பெறும் பெண்ணின் உழைப்புக் கணக்கில் உண்டு. அவள் இல்லம் திரும்பிச் சமைத்துப் பிள்ளை பேணும் உழைப்புக்கு அங்கே இடமில்லை. இக்கணக்கு முறையை அமெரிக்காவில் வகுத்த சைமன் குஸ்நெட்ஸ் என்னும் அறிஞரே, ஒரு நாட்டாரின் நலத்தை இவ்வெண்ணைக்கொண்டு அளந்துவிட இயலாதென்று 1934இல் அந்நாட்டுச் சட்டசபைக்கு எழுதிய அறிக்கையில் எச்சரித்தார்.

இன்னும் ஒன்று சொல்லாது விடுதல் நேர்மையன்று. மொத்தம் பெருகுதல் வேறு. பங்கு சேர்தல் வேறு. 1960-61இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கென இந்தியாவில் முதன்முதல் தேர்ந்த ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் வந்தது, உரம் வந்தது, விளைச்சல் ஏறியது, எண்களெல்லாம் நம் மாவட்டத்தைப் புகழ்ந்தன. அதே காலத்தில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில், கூலி நெல் உயர்வு வேண்டி எழுந்த தகராற்றின் முடிவில், 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் தீயில் மாண்டன. மாண்டவருட் பலர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். யாவரும் ஆதிதிராவிடக் கூலிக் குடும்பத்தார். அவ்வாண்டின் மாவட்ட உற்பத்தியை அயல்நாடொன்றோடு ஒப்பிட்டு நாம் மகிழ்ந்திருப்பின், அம்மகிழ்ச்சி என்ன மதிப்புப் பெறும்? நிலமுடையாரும் நிலமில்லாரும் நம் சங்கத்திலும் உளர்; நம் சங்கத்துக்கு வெளியிலும் உளர். எல்லார்க்கும் யாம் சொல்வது ஒன்றே: மொத்தத்தைப் புகழுமுன் பங்கைக் கேண்மின்.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? மூன்று காரியங்களைச் சொல்லி அமைகின்றோம்.

முதலாவது, நம் நெல் நெல்லாகவே வெளியேறுவதை நிறுத்துதல். குறுவை அறுவடை மழைக்காலத்தில் வந்து விழுகின்றது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழுக்கு மேற்பட்டால் நெல்லை ஏற்பதில்லை. ஏழை உழவன் சாலையோரத்தில் நெல்லைப் பரப்பி வானத்தைப் பார்த்து நிற்கின்றான். ஈரநெல்லைக் காக்கும் வழி காண்பதற்கென்றே 1967இல் நெல் பதன ஆராய்ச்சி நிலையம் இந்நாட்டில் தோன்றியது. அது வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசியக் கல்வி நிலையமாக விளங்குகின்றது. நம் ஊர்களினின்று அதன் வாயில் வெகுதூரமில்லை. பத்து உழவர் கூடி உலர்த்தும் பொறி ஒன்று வாங்கினும், அரிசியும் அவலும் தவிட்டெண்ணெயும் இங்கேயே செய்து விற்பினும், அதன் ஊதியம் நம் மாவட்டக் கணக்கில் ஏறும்.

இரண்டாவது, சட்டத்தைப் பயன்படுத்தல். 2020இல் இயற்றிய சட்டத்தால் நம் நெல்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. 2018இல் உச்சநீதிமன்றம், ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் பிலிகுண்டுலுவில் நமக்கு வந்து சேரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நிலத்தைச் சட்டம் காக்கும். நீரைத் தீர்ப்புக் காக்கும். உழுபவனைக் காப்பது விலையும் கூலியுமே. உழவு வாழ்விக்காதாயின், காத்த நிலத்தில் நிற்க ஆள் இரான். ஒப்பீட்டுப் படம் வெளியிடுவோர் பெருமைப்படும் மாநிலமே, தான் உண்ணும் சோற்றுக்குத் தகுந்த விலை தரவேண்டுமெனக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, நம் கணக்கை நாமே எடுத்தல். நம் மக்கள் வாழும் ஒவ்வோர் ஊரிலும், சொந்த நிலம் உழுவோர் எத்தனை குடும்பம், குத்தகைக்கு உழுவோர் எத்தனை, கூலியால் வாழ்வோர் எத்தனை, கல்லூரியில் படிக்கும் பெண்மக்கள் எத்தனை, திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் எத்தனை, கடன்பட்டோர் எத்தனை என்று ஓராண்டுக்குள் எழுதி, நம் சங்கத்தில் வைத்தல் வேண்டும். கூலி வீடுகளை விடுத்து மாடிவீடுகளை மட்டும் எண்ணும் கணக்கு நமக்கு வேண்டா. இப்பணிக்கு வாலிபர்கள் முன்வருவார்களாக. அயல்தேசங்களின் எண்களை மனப்பாடம் செய்த அறிவு, அடுத்த தெருவின் எண்களை அறியாதிருத்தல் அழகன்று.

அடுத்த ஆண்டும் பத்திரிகைகள் புதிய ஒப்பீட்டைத் தரும். அப்பொழுது நாம் இன்னொரு தேசத்தை விஞ்சியிருப்போம். நன்றே. அதனைப் படிக்கும் நாளில், அவ்வூர்க்கணக்கும் நம் கையில் இருக்குமாயின், மகிழ்வதற்கு எது, முறையிடுவதற்கு எது என்று பகுத்தறிவோம்.