நாலு வெள்ளியில் ஒரு கிராமம்

சிங்கப்பூரில் மூச்சு விட்டாலும் காசு என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சொல்வது வழக்கம். அவர்களை ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கிறீர்களா? பேரங்காடி வேண்டாம். புலாவ் உபின் தீவுக்குக் கூட்டிப்போங்கள்.

முதலில் தேக்கா சந்தையில் பசியாறிவிடுங்கள். ஈரச்சந்தையின் மீன் வாடையும், தோசைக் கல்லின் சத்தமும், தே தாரிக்கும் ஒரே கூரைக்கு அடியில் கிடைக்கும். பக்கத்திலேயே கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டிய டான் டெங் நியா வீடு நிற்கிறது. அதன் கலர் கலரான சன்னல்களுக்கு முன்னால் படம் பிடிக்கக் கட்டணம் இல்லை. அங்கே ரொம்ப நேரம் நிற்காதீர்கள், வெயில் ஏறிவிடும்.

லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ஏறி, பூகிஸில் மாறி, தானா மேராவில் இறங்கி, 2ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் சாங்கி வில்லேஜ். அங்குள்ள படகுத்துறையில் சீட்டும் இல்லை, நேர அட்டவணையும் இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆளுக்கு நாலு வெள்ளி. அவசரக்காரர்கள் காலி இடத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். காத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். பன்னிரண்டாவது ஆள் வந்து சேரும்போது எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி தெரியும். டீசல் புகை அடிக்க, படகு தடதடவென்று போய்ப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடும்.

இறங்கியதும் ஒரே தெருவில் கிராமம். ஓட்டு வீடு, மளிகைக் கடை, வாடகைச் சைக்கிள். பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள். மின்சாரத்துக்கு ஜெனரேட்டரும் சூரியத் தகடும், தண்ணீருக்குக் கிணறு. ஒரு காலத்தில் இது கல் உடைத்த தீவு. 1851ல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924ல் திறந்த ஜொகூர் கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கருங்கல் போயிருக்கிறது. கல் வெட்டிய பள்ளங்களில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிறது, கரையில் நாரைகள்.

கிழக்குக் கோடியில் செக் ஜாவா. இந்தச் சதுப்புக் கரையை மண் கொட்டி மூடிவிடத்தான் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் வந்து பார்த்துக் குரல் கொடுத்தார்கள். 2001 கடைசியில் அரசாங்கம் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007லிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதை இருக்கிறது, நுழைவு இலவசம். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். வற்றிய சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டு, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். ஒரு ஆணுக்கு இவ்வளவு பந்தாவா என்று எங்கள் வீட்டு அத்தை கேட்டார்!

பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் எடுத்துப் போகாதீர்கள். குரங்குகள் விடாது. காட்டுப்பன்றி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், அது தன் பாட்டுக்குப் போய்விடும். தண்ணீரையும் தொப்பியையும் மறக்க வேண்டாம்.

பொழுது சாய்வதற்கு முன்பே திரும்பும் படகுக்கு வந்துவிடுங்கள். இருட்டினால் பன்னிரண்டு பேர் சேருவது கஷ்டம். சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் கடைகளுக்கு வரிசை நீளமாக இருக்கும். நீளமான வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அடுத்த கடையும் நன்றாகவே இருக்கிறது.