மலையைத் தொடுமுன் மலைமக்களைக் கேள்!

(ஏற்காடு ஒண்டிக்கடையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

காப்பித் தோட்டத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் சகோதரிகளே! சேலத்தில் ஷிப்டு முடித்து மலையேறி வந்திருக்கும் மில் தொழிலாளித் தோழர்களே!

சண்டை வராமல் தடுப்பது எப்படி, வந்த சண்டையைத் தீர்ப்பது எப்படி, அதற்கும் நாட்டின் நிலையான முன்னேற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு, மாளிகையில் கூடிப் பேசும் பெரிய மனிதர்களின் விஷயம் போலத் தோன்றும். 2015-ல் உலகத்துச் சர்க்கார்கள் ஐக்கிய நாடுகள் சபையில் கூடி, 2030-க்குள் சாதித்து முடிப்போம் என்று 17 லட்சியங்களை எழுதி வைத்தன. அதில் 15-வது காடும் நிலமும். 16-வது அமைதியும் நீதியும். காகிதத்தில் இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. நம் மலைகளில் இந்த இரண்டும் எப்படி இருந்தன என்பதைப் பார்ப்போம்.

இந்தச் சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு அரூர்ச் சீமைக்கு ஓடுகிறது. அந்த அரூர் தாலூகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே இருப்பவர்களும் இங்கே இருப்பவர்களைப் போல மலையாளிகள்தான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிமார் ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள் அல்லவா? அந்த உறவுக்காரர்கள்.

1992 ஜூன் 20-ம் தேதி அந்த ஊருக்குள் ஒரு படை நுழைந்தது. காட்டிலாகாவினர் 155 பேர், போலீஸார் 108 பேர், ரெவினியூ இலாகாவினர் 6 பேர். மொத்தம் 269 பேர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்றார்கள். ஜனங்களை அடித்து இழுத்து வந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், ஆடு மாடு கோழிகளை அழித்தார்கள், குடிக்கும் கிணற்றையும் நாசம் செய்தார்கள். 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்துச் சேலம் சிறைக்குள் தள்ளினார்கள். அந்தச் சிறையை நாம் அறிவோம், தோழர்களே! 1950 பிப்ரவரி 11-ம் தேதி நமது தோழர்கள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட சிறை அது.

சர்க்கார் முதலில் என்ன சொல்லிற்று? அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள் ஊருக்குள் போய்ச் செய்தியை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் தோழர் அ. நல்லசிவன் கோர்ட்டுப் படியேறினார். 1995-ல்தான் மத்தியப் புலனாய்வுக்கு உத்தரவு வந்தது. 2011 செப்டம்பர் 29-ம் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு, 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. அவர்கள் அப்பீலுக்குப் போனார்கள். சரியாக 12 வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-ம் தேதி, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் தண்டனையை உறுதி செய்தார். தீர்ப்பு எழுதுமுன் அவரே வாச்சாத்திக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்றார்.

படிப்பறியாத மலைச்சாதிப் பெண்கள், அதிகாரிகள் நிறைந்த கோர்ட்டிலே நின்று, இவன்தான் என்று விரல் நீட்டி அடையாளம் காட்டினார்கள். அந்தத் தைரியத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 31 வருஷம்! அன்று இடுப்பில் இருந்த குழந்தைக்கு, தகராறு தீரும்போது கலியாணமாகிப் பிள்ளைகள் இருக்கும். இதைத் "தகராறு தீர்த்தல்" என்று சட்டப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். வாச்சாத்தியில் அப்படிச் சொல்ல முடியுமா?

சண்டை எங்கே பிறந்தது?

1992-ல் பிறக்கவில்லை. 1882-ல் வெள்ளைக்காரன் சென்னை ராஜதானிக்கு ஒரு வனச்சட்டம் போட்டான். நேற்றுவரை தேன் எடுத்தவனும் கிழங்கு தோண்டியவனும் புனக்காடு உழுதவனும் அன்று முதல் அத்துமீறி நுழைந்தவன். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. சொந்தக் காட்டில் திருடன் என்று பெயர் வாங்கியவனிடம் சந்தன வியாபாரி வந்தான். மரத்தை வெட்டியவனுக்குக் கிடைத்தது கூலி. கட்டையை விற்றவனுக்குக் கிடைத்தது மாடி வீடு. படை வந்தபோது அகப்பட்டது யார் என்று சொல்ல வேண்டுமா?

படையை அனுப்புமுன் ஊரைக் கூட்டி, வெட்டச் சொன்னது யார், வாங்கியது யார் என்று ஒரு நாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உட்கார்ந்து பேச அங்கே ஒரு மேசை இல்லை.

மில் தோழர்களுக்கு இது விளங்கும். போனஸ் தகராறு என்றால் யூனியன் கோரிக்கை வைக்கிறது, லேபர் ஆபீசர் கூப்பிடுகிறார், இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். முதலாளி இளகிய மனசுக்காரன் என்பதால் அந்த மேசை வரவில்லை. வேலைநிறுத்தம் செய்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கியது. அதன் பிறகுதான் 1947-ல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. 2020-ல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம், எந்த ஆலையானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் கொடு என்று அந்த மேசையின் காலையே அறுக்கப் பார்க்கிறது. அது வேறு கதை. இன்னொரு நாள் பேசுவோம்.

பாக்சைட் கல்லின் கதை

1965-ல் மேட்டூரில் அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு வேண்டிய பாக்சைட் கல் இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரி லாரியாக இறங்கிற்று. பாக்சைட் மலையின் தலையிலே இருக்கும் கல். மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்து, கீழே ஊற்றாகக் கசிய விடுகிற கல். வெட்டுமுன் இங்கே எந்த ஊர் ஜனங்களையும் கூட்டி, வெட்டலாமா என்று கேட்கும் சட்டம் அன்று இல்லை. 1995-ல் ஸ்டெர்லைட் முதலாளிகள் அந்தக் கம்பெனியை வாங்கினார்கள். 2008-ல் உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்தது, உருக்காலையை நிறுத்தினார்கள். லாபம் உள்ளமட்டும் மலை வேண்டும், ஆலை வேண்டும், தொழிலாளி வேண்டும். லாபம் குறைந்தால் மூன்றும் வேண்டாம்.

அதே வேதாந்தா கம்பெனி ஒரிசாவில் நியமகிரி மலையிலும் பாக்சைட் வெட்டக் கிளம்பிற்று. அங்கே டோங்ரியா கோந்து என்ற மலைஜாதியார் வருஷக்கணக்காக எதிர்த்து நின்றார்கள். 2013 ஏப்ரல் 18-ம் தேதி உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டது. 12 கிராம சபைகள் கூடின. ஜில்லா நீதிபதி அந்தஸ்திலுள்ள ஒருவர் பார்வையாளராக வந்து உட்கார்ந்தார். ஜனங்கள் தங்கள் பாஷையிலேயே பேசினார்கள். 12 சபைகளும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சர்க்காரும் அனுமதி மறுத்தது. அந்தத் தீர்ப்பைக் கிராம சபைகள் சொல்லி முடிக்கச் சில வாரங்கள்தான் ஆயின.

அப்படியானால் ஆலைத் தொழிலாளியின் கதி என்ன என்று மில் தோழர் கேட்பது நியாயம். லாஞ்சிகரில் அந்தக் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை மூடப்படவில்லை. வேறு இடத்துக் கல்லைக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். மலையை வெட்டாவிட்டால் தொழிலாளிக்குச் சோறில்லை என்று முதலாளி பூச்சாண்டி காட்டுவான். மலைக்காரனையும் ஆலைக்காரனையும் மோதவிட்டால்தான் அவனுக்கு நிம்மதி.

நம் கையில் இருக்கும் சட்டம்

இடதுசாரிகளின் ஆதரவில் சர்க்கார் நின்ற காலத்தில், 2006 டிசம்பரில், பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து உழுதுவரும் மலைச்சாதியாருக்கு, உள்ளபடி கையில் இருக்கும் நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. தேனும் புளியும் கடுக்காயும் எடுத்து விற்கும் உரிமை உண்டு. பட்டா புருஷன் பெண்சாதி இருவர் பேரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. பங்களா கட்ட நிலம் தேடி ஏற்காட்டுக்குக் கார் ஏறி வருகிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை பிடிக்காது. மனு விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் கிராம சபை.

ஆனால் 2008-ல் சென்னை உயர்நீதிமன்றம், பட்டா கொடுக்குமுன் தன் அனுமதி வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிற்று. எட்டு வருஷம் தமிழ்நாட்டு மலைகளில் மனுக்கள் கட்டிலே கிடந்தன.

நம்மிடையே ஒரு சங்கடமும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். தோட்டத்தில் வேலை செய்ய இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் கீழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தோழர்கள் மலைச்சாதிப் பட்டியலில் இல்லை. காட்டை நம்பி 75 வருஷம் வாழ்ந்ததாக ருசுப் பண்ணினால்தான் அவர்களுக்கு இந்தச் சட்டம். தோட்டத்து லைன் வீட்டில் இருந்தவர்களுக்கு அதுவும் கஷ்டம். "அவனுக்குப் பட்டா, எனக்கு ஒன்றுமில்லையா?" என்ற கேள்வி வரும். தரகன் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். ஆகவே மலையாளித் தோழரின் வன உரிமை மனுவும், தோட்டத் தொழிலாளியின் வீட்டுமனைக் கோரிக்கையும் ஒரே கூட்டத்தில், ஒரே நாளில் பேசப்பட வேண்டும் என்கிறோம். தனித்தனியாகப் போனால் இரண்டும் தோற்கும்.

இனி வேலை. வன உரிமைக்குக் கூடும் கிராம சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. ருசுவுக்குப் பழைய தண்டத் தீர்வை ரசீது, ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்டு ஆகும். அதுவும் இல்லையென்றால் பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கி வைக்கலாம். முன்னோர் சமாதி, பழைய கிணறு, குலசாமிக் கோயில், எல்லாம் ருசுதான். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும், 60 நாளைக்குள் அப்பீல் போட வேண்டும். கேட்காமல் விட்ட மனுக்கள்தான் அதிகம்.

நாகலூர்ப் பக்கம் போகும் தோழர்களுக்குப் பஸ் நேரம் ஆகிவிட்டது. மனு படிவம் மேடைக்குக் கீழே நிற்கும் தோழர்களிடம் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்களே எழுதித் தருவார்கள். வீட்டிலிருக்கும் பழைய ரசீதுகளை, கரையான் அரித்ததானாலும், தூக்கி எறியாமல் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.