மறதி சோம்பல் அல்ல

(திருகோணமலையில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“மூளை மழுங்கிப் போச்சு” என்று நம்மில் பலர் சொல்கிறோம். அடுப்பில் வைத்ததை மறக்கிறோம். கிளினிக் திகதியை மறக்கிறோம். வேலைத்தலத்தில் “கவனம் இல்லை” என்கிறார்கள். வீட்டில் “சோம்பல்” என்கிறார்கள். பலவேளை இது சோம்பலும் அல்ல, பைத்தியமும் அல்ல. ஓயாத நோவும் ஓயாத கவலையும் மூளையைப் படுத்தும் பாடு.

பயம் வந்தால் சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. பாம்பைக் கண்டு பாய்ந்து விலக அது உதவும். பாம்பு போனதும் அது குறையும். ஆனால் கடனும், அரைப் பேர் பயமும், இடுப்பு நோவும் பாம்பைப் போலப் போய்விடுவதில்லை.

1968இல் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் மக்ஈவனும் அவரது குழுவினரும் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். இந்த வகை ஹோர்மோன் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் போய் ஒட்டுகிறது. புதிய விஷயங்களை நினைவில் பதிப்பது அந்தப் பகுதிதான். நெருக்கடி நெடுநாள் நீடித்தால் அங்குள்ள நரம்புக் கலங்களின் கிளைகள் சுருங்குவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நோவு நித்திரையையும் கெடுக்கிறது. பகலில் கற்றதை மூளை உறுதியாகப் பதிப்பது நித்திரையில்தான்.

நமக்குச் சுமை இன்னும் அதிகம். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வடக்கு, கிழக்குக்கு வந்த குடும்பங்கள் உண்டு. பிறகு போர். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் கண்ட மக்களின் மனத்துயரம் உடல் நோவாகவும் வெளிப்படுவதை எழுதியிருக்கிறார். ஆகவே “எல்லாம் மனப்பிரமை” என்று யாரையும் தள்ளிவிடாதீர்கள். அந்த நோவு உண்மையான நோவு.

நல்ல செய்தியும் உண்டு. ஓய்வும் நித்திரையும் சிகிச்சையும் கிடைத்தால் நினைவு பெரும்பாலும் தேறும். கிளினிக்குக்குப் போனால் இடுப்பு நோவோடு மறதியையும் டொக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர், சீனி, இரத்தச்சோகை, தைரொயிட், மனச்சோர்வு எல்லாம் மறதியைத் தரும். அவற்றுக்கு மருந்து உண்டு. நோவை மறக்கக் குடித்தால் நித்திரையும் கெடும், நினைவும் கெடும். திடீரென்று வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மனம் தாங்காதபோது 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்.

ஆசிரியராக ஒரு வார்த்தை. சண்டையும் பசியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் மனத்தில் நிற்காது. அடித்தால் பயம் கூடும்; பயம் கூடினால் மறதியும் கூடும்.

தொழிற்சங்கத்துக்கும் இதில் வேலை உண்டு. சுமையின் எடை, இடைவேளை, நோய் விடுமுறை, கடன் இல்லாமல் வாழக்கூடிய சம்பளம் ஆகியவற்றை வயிற்றுக்காக மட்டும் நாம் கேட்கவில்லை. நமது மூளையைக் காப்பதற்கும் சேர்த்தே கேட்கிறோம். அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் எழுத்தில் வைப்போம்.